ஷியாமளாவின் புள்ளிகள்

இடது கை ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. வலது கை பதிவை நிறுத்துகிறது, பின்னுக்குத் தள்ளுகிறது, மறுபடி ஓட விடுகிறது. பேசுகிறவர் இருமினால் இருமல், பெருமூச்சு விட்டால் பெருமூச்சு. எல்லாம் எழுத்தில் வந்துவிடும். கெட்ட வார்த்தைக்கு மட்டும் மூன்று புள்ளி. அப்படி ஒரு தாளைக் கொடுக்கும்போது எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துத்தான் கொடுப்பார்.

அமீரகத்தின் புஜைராவில் ஒரு சட்ட மொழிபெயர்ப்பு அலுவலகம். வழக்குகளில் சாட்சியமாக வரும் தமிழ்க் குரல்பதிவுகளைக் கேட்டு எழுதுவது திருச்சிக்காரரான ஷியாமளாவின் வேலை. அதை அரபியாக்கி முத்திரை வைப்பவர் எதிர்மேசை நஜீஹா, கீழக்கரைப் பெண். "ஒங்க புள்ளிய அரபியில நான் என்னான்னுக்கா எழுத? அங்கயும் புள்ளிதான்" என்று சிரிப்பார்.

"போடி. வெளக்கேத்துற கையால இதையெல்லாம் டைப் பண்ணச் சொல்றியா?"

எண்ணெய்க் கிடங்குத் தொழிலாளி கார்மேகத்தின் வழக்கும் அப்படித்தான் போனது. ஃபோர்மேன் பாலகுரு அவருக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ பேசி அனுப்பினார். கார்மேகத்தின் பதில், "வெட்டிப் போட்டுருவேன்." பாலகுரு அதைக் காவல்துறையிடம் கொடுத்தார். பதிவுகள் இரண்டும் வெட்டி ஒட்டப்படாதவை என்று ஆய்வகம் சான்று தந்தது. அதற்குப் பிறகு தமிழ் தெரியாத நீதிபதிக்குக் காகிதம்தான் குரல். பாலகுரு பேசியதில் பாதிக்குமேல் புள்ளிகள். மிரட்டல் மட்டும் முழுசாக இருந்தது. ஆத்திரமூட்டும்படி எதுவும் காணப்படவில்லை என்றது தீர்ப்பு. சிறை, பிறகு நாடுகடத்தல்.

மேல்முறையீட்டுக்காக, கார்மேகத்தின் வழக்கறிஞர் அலுவலகத்து ஜெயசீலன் நேரில் வந்து, அந்தப் புள்ளிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சிறையில் கார்மேகத்தையும் கேட்டிருக்கிறார். "அத என் வாயால எப்புடி சார் சொல்லுவேன்" என்று அவர் தலையைத் தொங்கப்போட்டுவிட்டாராம். பாலகுரு பேசியது கார்மேகத்தின் மனைவியைப் பற்றி.

ஜெயசீலன் போனதும் ஷியாமளா அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்தார். பிறகு நஜீஹாவிடம் சொன்னார்: "அவனுக்கு வாய் வரலை, சரி. எனக்கு அதுதானேடி வேலை?"

இப்போது ஓடுவது அந்தப் பதிவுதான். புள்ளிகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. காது மடல் சிவக்கிறது. ஒரு சொல்லில் கை நின்றுவிடுகிறது. பின்னுக்குத் தள்ளி, இன்னொரு முறை கேட்டு, அதையும் எழுதுகிறார்.

அச்சான தாளை எடுத்து, பழக்கத்தில் கவிழ்த்து நீட்டினார். நஜீஹா வாங்குவதற்குள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எழுத்து மேலே தெரியும்படி திருப்பி, அவர் முன்னால் வைத்தார்.