உழைப்புத் தானம்

லண்டனில் எனக்கு ஒரு பேனா சிநேகிதி. அவளுக்கு அமெரிக்காவில் ஒரு தோழி. எந்த நாட்டில் அடிமை வேலை நடந்தாலும் சரி, இரண்டு பேரும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து கடிதம் எழுதியே ஊரைக் கூட்டிவிடுவார்கள். அதனாலேயே எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

தொண்ணூறுகளில், இங்கே பர்மாவில், மிங்கலாடோன் பக்கம் ரோடு போட வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூலி கிடையாது. சோறும் நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். மாட்டேன் என்றால் ஜெயில். இதற்கு வார்டுத் தலைவர் வைத்த பேர் ‘லோ ஆ பே’, அதாவது உழைப்பைக் கொடுப்பது. புத்தர் பகோடா கட்ட ஜனங்கள் புண்ணியத்துக்குச் செங்கல் சுமப்பார்களே, அதற்கு உள்ள நல்ல வார்த்தை. அதையும் திருடிக்கொண்டார்கள். இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த என் கணவர் இடுப்பு வலியோடு மண் வெட்டப் போனார்.

நான் ஒரு மண்டு. ‘என் கணவர் உழைப்புத் தானம் செய்யப் போயிருக்கிறார்’ என்று வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் எழுதி லண்டனுக்கு அனுப்பினேன். அது அமெரிக்காவுக்கும் போயிற்று. அந்த அம்மாள் நேராக எனக்கே எழுதினாள்: எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! நானும் சனிக்கிழமைகளில் சர்ச் தரையைப் பெருக்குகிறேன்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிமை வேலை என்றே எழுத உட்கார்ந்தேன். கணவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தபாலாபீசுல பிரிச்சுப் பாப்பான் புள்ள. என்னையத்தான் தூக்கிட்டுப் போவான்.”

எனக்கும் பயம்தான். ஆனால் அமெரிக்கக் கடிதத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். சர்ச் பெருக்கும் கதையைக் கேட்டதும், கொப்புளம் உடைந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், “அடிமை வேலைங்கிற அந்த ஒரு வரியத் தமிழ்ல எழுது, அவனுக்குப் புரியாது. ஆனா எழுது” என்றார்.

எழுதினேன். இங்கிலீஷ் கடிதத்துக்கு நடுவில், ‘இது தானம் இல்லை. அடிமை வேலை.’ லண்டன்காரி அதைத் தமிழர் கடை ஒன்றில் காட்டிப் படிக்கச் சொல்லி, அமெரிக்காவுக்கும் அனுப்பியிருக்கிறாள்.

அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரே ஒரு வாக்கியம். அதற்குக் கீழே என் தமிழ் வரியை அந்த அம்மாள் பார்த்து எழுதியிருந்தாள், எழுத்தெல்லாம் கோணல்மாணலாக. இங்கிலீஷ் தெரியாத என் கணவர் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“இத நானே படிக்கிறேன்.”

படித்தார். பிறகு அந்த வரியைக் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

அடுத்த தடவை வார்டுத் தலைவர் ஆள் கேட்டு வந்தபோது அவர் கண் அதில் விழுந்தது. அவர் பர்மியர், தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

என் கணவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பர்மியத்தில் சொன்னார்: “நீங்க சொல்ற லோ ஆ பேக்குத் தமிழ்ல அதுதாங்க பேரு.”