அழித்தும் வராத இடம்

முதலாளி இருந்தார். கணக்கு பார்க்கும் அண்ணன் இருந்தார். சாம்பிள் ரூம் அக்கா இருந்தார். நான் இருந்தேன். சோமனூரில் எங்கள் தறிக்கூடத்துக்குப் பின்னால், மெயில் கம்ப்யூட்டர் இருக்கும் அறை. நாலு பேர் நிற்க அதில் இடம் போதாது.

காலையிலிருந்து மெயில் வரவில்லை, போகவில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள ஓடலீன்னா இந்தப் பொட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுருவேன். நீ மறுபடி தார் சுத்தப் போயிக்க அம்மணி" என்றார் முதலாளி.

எட்டாவது படித்தவள் நான். தறிக்குத் தாரில் நூல் சுற்றும் வேலைக்குத்தான் இங்கே வந்தேன். பிறகு இந்தக் கம்ப்யூட்டர் நாற்காலியைக் கேட்டு வாங்கினேன். திரும்பிப் போவதாக இல்லை.

டிஸ்க் நிரம்பியதற்குக் காரணம் எங்கள் மரியாதை. யார் துணி டிசைன் அனுப்பினாலும் எல்லோரும் 'சரிங்க' என்று போடுவார்கள். எந்த டிசைனுக்குச் சரி என்று தெரிய வேண்டுமே. அதனால் படத்தையும் சேர்த்து, எல்லோருக்கும் அனுப்புவார்கள். முதலாளியும் போடுவார். அவருடைய சரிங்கவுக்கும் சரிங்க போடுவார்கள்.

"காலைல இருந்து அழிச்சுட்டே இருக்கறன். எடமே வரலியே அம்மணி?" என்றார் கணக்கு அண்ணன்.

"குப்பைத் தொட்டியக் காலி பண்ணுனீங்களாண்ணா?"

"அதையும் கொட்டிப்போட்டேன்."

"ஊட்ல ஒருநாளாச்சும் கொட்டியிருப்பீங்களா?" என்றார் அக்கா.

இது பழைய மென்பொருள். மெயில் மொத்தமும் ஒரே கோப்பில் இருக்கும். அழித்தால் கோப்புக்குள் ஓட்டை விழும், கோப்பு சுருங்காது. மெயிலை நிறுத்திவிட்டு, வேறொரு டிஸ்க்கில் ஓட்டையில்லாமல் புதிதாக எழுத வேண்டும். முன்பு ஒருவர் வந்து செய்தபோது கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

சொன்னேன். முதலாளிக்குக் கோபம் ஏறிவிட்டது.

"பழசையாச்சும் படிச்சுட்டிருக்கறோம். அதையும் நிறுத்தறயா? அந்தக் கோப்பைத் தூக்கி வீசிப்போட்டுப் புதுசா ஆரம்பி."

"மாட்டேனுங்க. துணி வாங்கற பார்ட்டி கலருக்கு ஓகே சொன்னதெல்லாம் அதுலதான் இருக்குது. நாளைக்கு அவிங்க சொல்லவே இல்லைன்னுட்டா அக்கா தலைதான் உருளும்."

"ஆருகிட்டப் பேசறேன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க."

மெயிலை நிறுத்தினேன். வெளி டிஸ்க்கைச் செருகினேன். புதிதாக எழுதும் வேலையை ஓடவிட்டு, யாரும் அணைத்துவிடாதபடி சுவிட்சுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"கரண்ட் போச்சுன்னா?" என்றார் முதலாளி.

"பழைய கோப்பு அப்படியே இருக்குமுங்க. மறுக்கா ஆரம்பிப்பேன்."

"அப்பவும் போச்சுன்னா?"

"அப்பவும்தானுங்க."

கரண்ட் போகவில்லை. சாப்பிட நானும் போகவில்லை. பொழுது சாயும் முன் முடிந்தது. பழையதை வெளி டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு, புதியதை அதன் இடத்தில் வைத்தேன். மெயிலைத் திறந்தேன். தேங்கி நின்றவை வரிசையாக வந்து விழுந்தன.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இனிமேலு நெறையாதல்ல?"

"நெறையுமுங்க. நீங்க சரிங்கவோட படம் சேர்த்து அனுப்பாம இருந்தீங்கன்னா மெதுவா நெறையும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி தார் சுற்றும் பேச்சை எடுக்கவில்லை.

"செரி. இப்ப எவ்வளவு எடம் இருக்குது?"

உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்துச் சொன்னேன்.

நாற்பத்தொரு ஜிபி.