வண்டியை ஓடாமல் வைத்திருப்பது

பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சின் எதனால் நின்றது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகியிருந்தால், புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் உருகிய தடம் இருக்கும். எஞ்சின் சூடேறும் முன்பே முறுக்கி ஓட்டியிருந்தால் நான்கு மூலைகளில் கீறல் விழும். எண்ணெயே இல்லாமல் ஓடியிருந்தால் சுற்றிலும் வறண்டு, அரத்தால் தேய்த்ததுபோல் ஆகிவிடும். அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து நான் கழற்றிய பிஸ்டன் மூன்றாவது வகை.

மலேசியாவில், கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரானில், எங்கள் பிளாட்டின் கீழே, மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை. பழைய நாளிதழை விரித்து, கழற்றிய வரிசைப்படியே பாகங்களை அடுக்கியிருந்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தவறு செய்த வேலைக்காரனைப் பார்ப்பதுபோல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ இல்லாம ஓடியிருக்குப்பா" என்றேன்.

"சும்மா சொல்லாத. ஊத்துனேன்."

அது மலிவான டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர். அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டாம் கையாக வாங்கியது. இந்த வகை எஞ்சினுக்கு பெட்ரோலோடு சேர்ந்து எண்ணெயும் உள்ளே போகவேண்டும். அதற்கென்று வண்டியிலேயே ஒரு சின்ன பம்ப் உண்டு. வாங்கிய புதிதில் அந்தப் பம்பை நான் கழற்றிவிட்டேன். பழைய பம்ப் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். நின்றால் எஞ்சின் போய்விடும். அதனால் பலரும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்ரோல் அடிக்கும்போது எண்ணெயைக் கையால் ஊற்றிக்கொள்வார்கள். நான் இயந்திரவியலில் டிப்ளோமா படித்தவள். கிள்ளானில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. பழுதாகக்கூடிய ஒரு பாகத்தை எடுத்துவிட்டால் பழுது ஒன்று குறையும் என்பது என் கணக்கு. பம்பைவிட அப்பாவை நம்பலாம் என்று நினைத்தேன். ஆயுள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, ஒரு சரக்கைக்கூடக் கீழே போடாதவர் அவர்.

டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் போத்தலில் இறக்கினேன். நாங்கள் வாங்கும் எண்ணெய் நீல நிறம். கலந்தால் பெட்ரோலின் மஞ்சள் இலேசாகப் பச்சைக்குத் திரும்பும். போத்தலில் இருந்தது சுத்தமான மஞ்சள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"நான் எண்ணெ வாங்கலன்னு சொல்றியா? வா. வந்து பாரு."

மாடிக்கு அழைத்துப் போனார். சமையல்கட்டில் குனிந்து, கழுவுந்தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரியைத் திறந்தார். சோப்புத் தூளுக்கும் பழைய துணிகளுக்கும் பின்னால் எண்ணெய்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே பிராண்டு. எந்த மூடியும் திருகப்படவில்லை.

"பாத்தியா? ஒவ்வொரு தடவையும் வாங்கியிருக்கேன்."

அவர் முகத்தில் வெற்றி இருந்தது. நான் ஒரு போத்தலை எடுத்து மூடியின் வளையத்தைத் தடவிப் பார்த்தேன். வாங்கவேண்டும் என்பது நினைவில் இருந்திருக்கிறது. ஊற்றவேண்டும் என்பதுதான் போய்விட்டது.

"ஆமாப்பா, வாங்கியிருக்கீங்க" என்றேன்.

அம்மா இறந்தபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். காலையில் நான் வேலைக்குப் போனதும் அவர் ஸ்கூட்டரை எடுப்பார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, கூட்டாளிகளோடு தே தாரிக் டீ குடித்து, பூவும் காய்கறியும் வாங்கி மதியத்துக்குள் திரும்புவார். வண்டி இல்லாவிட்டால் நாள் முழுக்கத் தொலைக்காட்சிக்கு முன்னால்தான். அதனால் அன்றைக்கு நான் முடிவெடுத்தது வண்டியைப் பற்றி மட்டுமே. அப்பாவின் மறதியை வண்டியால் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

கிள்ளானில் பழைய மோட்டார் பாகங்கள் விற்கும் ஒரு சீனக் கடை இருக்கிறது. கடை முதலாளியை எல்லோரும் 'தவுக்கே' என்போம்; அவருக்கு எங்கள் வட்டாரத்துத் தமிழ் நன்றாக வரும். எண்ணெய்ப் பம்ப் வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் அத கழட்டி வீசுறான். நீ காசு குடுத்து மாட்டுற. என்னா பொண்ணு லா நீ?"

"அப்பா வண்டி, தவுக்கே. அவருக்கு எண்ணெ கலக்கறது சிரமம்."

"அப்பாவுக்கு புது வண்டி வாங்கிக் குடு. சம்பளம் வருதில்ல?"

பம்போடு நிற்கவில்லை. சிலிண்டரைக் கடைந்து, ஒரு சுற்று பெரிய பிஸ்டன் போட்டேன். எண்ணெய் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கை அவர் கண்ணில் படும் இடத்தில் பொருத்தினேன். ஸ்டாண்டு மடங்கவில்லை என்றால் எஞ்சின் ஓடாது. சிக்னல் போட்டு அணைக்க மறந்தால் பீப் ஒலிக்கும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். அவர் எதை எதை மறக்கக்கூடும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாகம் தேடினேன்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து கொட்டகையில் நிறுத்தினார்.

"எப்படிப்பா?"

"நல்லா இருக்கு. ஆனா ஆம்புலன்சு மாதிரி கத்துது. வழியில ரெண்டு பேரு ஒதுங்கி வழி விட்டானுங்க."

கோலாலம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் மறதிக்கென்று தனிக் கிளினிக் இருந்தது. நாள் கிடைத்து அழைத்துப் போனேன். முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ரசத்தை உறிஞ்சிக்கொண்டே டாக்டரைத் திட்டினார்.

"நாட்டுக்குப் பிரதமர் யாருன்னு கேக்குறாரு. அவனுங்க மாறிக்கிட்டே இருந்தா நான் என்னா பண்றது? அவருக்கே தெரியுமோ என்னமோ!"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னதை அப்போது அப்பாவிடம் சொல்லவில்லை. இது திரும்பாது, மெதுவாகக் கூடும் என்றார். வண்டி ஓட்டுவதை இப்போதே நிறுத்துங்கள் என்றார். ஸ்கூட்டரில் நான் செய்திருந்த மாற்றங்களை அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். கொஞ்சநேரம் கேட்டார். பிறகு, "வீட்டுக்கு வழியை வண்டி ஞாபகம் வைத்திருக்குமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

நான் நிறுத்தவில்லை. வண்டி அவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பு அவர் மறந்தால் எஞ்சின் காட்டிக்கொடுத்தது. இப்போது அவர் எதை மறந்தாலும் அது காட்டிக்கொடுக்காமல் ஓடியது. சில மாதங்கள் அப்படியே போயின.

பிறகு ஒருநாள் வேலையில் இருக்கும்போது அழைப்பு வந்தது. துறைமுக வாசல் காவலாளி. அப்பா தன் பழைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் அங்கே போயிருக்கிறார். பாஸ் அட்டை கேட்டதற்கு, வீட்டில் விட்டுவிட்டேன், உள்ளே விடு, லோரி காத்திருக்கும் என்று சண்டை போட்டிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவரை உரசுவதுபோல் கன்டெய்னர் லோரிகள் போய்க்கொண்டிருந்தன.

"நீ ஏம்மா இங்க வந்த?" என்றார். அவருக்கு என்னை அங்கே பார்த்ததுதான் புரியவில்லை.

அன்று சாயங்காலமே சிடிஐயைக் கழற்றினேன். ப்ளக்கில் தீப்பொறி விழ மின்சாரம் அனுப்பும் சின்னக் கறுப்புப் பெட்டி அது. அது இல்லாமல் எத்தனை முறை மிதித்தாலும் எஞ்சின் உயிர் பெறாது. இரண்டு கிளிப், ஒரு திருகாணி. நான் செய்த வேலைகளிலேயே மிகச் சுலபமானது அதுதான். பெட்டியைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் என் லாக்கரில் போட்டேன்.

மறுநாள் காலை சட்டையை இன் செய்து, தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு இறங்கினார். மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கிக்கரை மிதிக்கும் சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும். வேர்த்துப்போய் மேலே வந்தார்.

"ஸ்டார்ட் ஆவல. என்னான்னு பாரேன்."

பார்த்தேன். மூடியைத் திறந்து, டார்ச்சை அவர் கையில் கொடுத்து, பழுது தேடுவதுபோல் ஒவ்வொரு ஒயராகத் தொட்டேன். பார்ட் ஒன்று போயிருக்கிறது, ஆர்டர் செய்யவேண்டும் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே ஸ்பேனர்களைத் துடைத்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். கூட்டாளிகளிடம் போனில் என்னைப் பற்றி முறையிடுவார்.

"டிப்ளோமா படிச்சிருக்கா. ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. ஒரு ஸ்கூட்டர ஓட வைக்கத் தெரியல. கூப்புட்டா வந்து தொட்டுத் தொட்டுப் பாக்குறா, கோயில் சாமிய கும்புடுற மாதிரி."

நான் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொல்வார். அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கீழ்மாடியில் இருக்கும் இளைஞர் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்பவர். நல்ல மனசு. நான் வேலையில் இருந்த ஒரு மத்தியானம், அப்பா மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து உதவப் போயிருக்கிறார். மூடியைத் திறந்ததும் தொங்கும் கிளிப்புகள் கண்ணில் பட்டுவிட்டன.

"சிடிஐ இல்ல அங்கிள். யாரோ களவாண்டுட்டாங்க."

நான் வீடு திரும்பியபோது காவல் கூண்டுக்கு முன்னால் கூட்டம். அப்பா எங்கள் பிளாட்டுக் காவலாளியான ஜாகாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். நேப்பாளத்திலிருந்து வேலைக்கு வந்தவர் அந்த ஜாகா. தினமும் அப்பாவைப் பார்த்து மலாயில் 'பக்சிக்', மாமா, என்று கூப்பிட்டு வணக்கம் வைப்பவர். இப்போது கையை உதறக்கூடத் துணியாமல் நின்றார்.

"இவன்தான் ராவெல்லாம் இங்க உக்காந்திருக்கான்! இவனுக்குத் தெரியாம யாரு எடுப்பா? மேனேஜ்மெண்டுகிட்ட சொல்லி இவன அனுப்புங்க மொதல்ல!"

சுற்றி நின்றவர்களில் சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் போனை எடுத்துவிட்டார். அந்த அழைப்பு போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை பர்மிட்டில் இருப்பவரிடம் யாரும் இரண்டு முறை விசாரிக்கமாட்டார்கள்; ஊருக்கே அனுப்பிவிடுவார்கள்.

"அப்பா, அவர விடுங்க. நான்தான் கழட்டுனேன்."

அவர் திரும்பினார். "என்னா?"

"சிடிஐய நான்தான் எடுத்தேன். என் லாக்கர்ல இருக்கு."

"எதுக்கு?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு எங்காவது, வேறு எப்போதாவது சொல்லியிருக்கவேண்டியது. "நீங்க இனிமே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்களுக்கு வழி மறந்து போவுதுப்பா."

அப்பா ஜாகாவின் கையை விட்டார். பிடித்த இடத்தில் கசங்கியிருந்த துணியைத் தன் உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு யாரையும் பார்க்காமல் படியேறினார். ஜாகாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "தடாப்பா, காகா" என்றார், மலாயில் பரவாயில்லை அக்கா என்று.

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. அறைக்கதவுக்கு வெளியே நின்று பேசிப் பார்த்தேன். அவமானத்தைத் தாங்கிக்கொள்ள அவருக்கு நேரம் வேண்டும், அதன்பிறகு இந்தப் பொய் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிவதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

காலையில் கிக்கர் சத்தம் கேட்டு எழுந்தேன். இறங்கிப் போனேன். சட்டையை இன் செய்திருந்தார்.

"ஸ்டார்ட் ஆவாது. சிடிஐய களவாண்டுட்டானுங்க. அந்த ஜாகாவ கேக்கணும்."

கிளம்பியேவிட்டார். திருட்டு அவர் நினைவில் தங்கிவிட்டது. நான் சொன்னது தங்கவில்லை. ஓடிப்போய் வழிமறித்து மறுபடியும் சொன்னேன். அதே "என்னா?", அதே "எதுக்கு?" முதல்முறை கேட்பவரின் முகம். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். தினமும் காலையில் அவருக்கு ஒரு கெட்ட செய்தி சொல்லி, அவர் உடைவதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகவேண்டும். நான் பிந்தினால் அந்த நேப்பாளக்காரர் மாட்டிக்கொள்வார்.

சனிக்கிழமை கிள்ளான் கடைக்குப் போனேன்.

"தவுக்கே, சிடிஐ ஒன்னு வேணும். கெட்டுப்போனது."

"கெட்டதா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லது இருக்கு. வெல கம்மிதான்."

"கெட்டதுதான் வேணும்."

"அப்பா வண்டிக்கா?"

தலையாட்டினேன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் குப்பைப் பெட்டியைக் கிளறி, அப்பா வண்டிக்குப் பொருந்தும் ஒன்றைத் தேடி எடுத்து, துணியால் துடைத்துக் கொடுத்தார். அங்கேயே மீட்டரை வைத்துப் பார்த்தேன். பழைய பாகங்கள் சில சமயம் சூடு தணிந்ததும் வேலை செய்யும். இது நிச்சயமாகச் செத்திருந்தது. மாட்டினால் களவு போனதாகத் தெரியாது, வண்டியும் ஓடாது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் அப்பா டார்ச் பிடித்தார். இரண்டு கிளிப்பையும் மாட்டி, திருகாணியை இறுக்கினேன். குனிந்து, பெட்டி அசையாமல் இருக்கிறதா என்று தன் விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"பார்ட்டு வந்துருச்சா, அப்ப?"

"வந்துருச்சுப்பா."

"சரி, தள்ளு. நான் மிதிக்கிறேன்."

டார்ச்சை வாங்கிக்கொண்டு தள்ளி நின்றேன்.