பெட்டிக்குப் பின்னால் குழந்தை

மணலூர்பேட்டையில் எங்கள் வீட்டு டேப்லெட்டுக்கு வயதாகிவிட்டது. திரையில் ஒரு பெட்டி முளைத்து, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும்: மறுபடி லாகின் செய்யுங்கள், பாஸ்வேர்டு போடுங்கள். போட்டால் வெறும் வெள்ளைத் திரை. ‘பிறகு’ என்பதைத் தொட்டால் ஒரு பெருமூச்சு விடும் நேரம் ஒழிந்துவிட்டு, அந்தப் பெட்டி பழையபடி நடுத்திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். திருக்கோவிலூர் செல்போன் கடைக்காரர் கையில்கூட வாங்கவில்லை.

“இதுக்கு இனிமே அப்டேட்டே வராதுங்க. கம்பெனிக்காரனே கைவுட்டுட்டான், நான் இன்னா பண்ணட்டும்? புச்சா ஒண்ணு வாங்கிக்கோங்க.”

வாங்கிக்கொள்ளலாம்தான், பணம் மரத்தில் காய்க்கிறதா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் என் கணவரோடு கரும்பு லாரியில் போய்விடும். வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்ட தங்கையை வீடியோ காலில் பார்க்க எனக்கு இந்தச் சனியன்தான் கதி. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. எங்களுக்குள் கைதான் பேசும். எங்கள் வீட்டிலேயே உண்டான சைகைகள் அவை. மூக்கின் ஓரத்தைத் தொட்டால் நான், என் மூக்குத்திக்காக. கன்னத்தை உப்பிக் காட்டினால் அவள் மாமியார்.

அவளுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து ஒரே கேள்வி. இதற்குக் காது கேட்கிறதா? ஆஸ்பத்திரியில் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதுவரை பொறுக்க அவளால் ஆகவில்லை. அவள் கணவருக்கும் காது கேட்காது. மாமியார் ‘கேட்கிறது’ என்று தலையை ஆட்டினால் அதை அவள் நம்புவதில்லை. நான் சொல்ல வேண்டும். நான் நேரில் போயிருக்கலாம். ஆள் கிடைக்காத நடவு நேரம். அடுத்த வாரம் வருகிறேன் என்று காட்டினேன். இப்போதே பார் என்று காட்டிவிட்டாள்.

போனைக் குண்டானில் சாய்த்து வைத்தாள். பாயில் குழந்தையைக் கிடத்தினாள். தன் கை அதன் கண்ணில் படக்கூடாதென்று தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, கரண்டியால் எவர்சில்வர் தட்டை அடித்தாள். அடித்த சத்தம் அவளுக்குக் கேட்காது. குழந்தை முகம் திருப்புகிறதா என்பதும் அங்கிருந்து சரியாகத் தெரியாது. இரண்டுக்கும் நான்தான்.

சத்தம் என் காதைத் துளைத்தது. மேலே தங்கையின் முகம், கீழே குழந்தையின் பாதங்கள். நடுவில், குழந்தையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில், பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு பெட்டி.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். டேப்லெட்டைச் சட்டென்று திருப்பினால் படம் புரளும். புரளும் கணத்தில் பெட்டி காணாமல் போய்த் திரும்ப வரும். அந்தக் கணத்தில் அவள் அடிக்க வேண்டும். இப்போது அடி என்று சொல்ல எனக்குக் கை வேண்டும். இரண்டு கையும் டேப்லெட்டைப் பிடித்திருந்தன. வாய் இருந்து என்ன பிரயோஜனம்? “அடிடீ, இப்ப அடிடீ!” என்று கத்தினேன். கேட்டது மாமியாருக்குத்தான்.

“கேக்குது, கேக்குதுன்னு நானும் சொல்லிகினே கீறேன். இன்னாத்துக்கு கொழந்தைய இப்டி படுத்தறீங்க?”

அவள் அடிக்கும்போது பெட்டி வந்து நின்றது. பெட்டி போனால் அவள் கை சும்மா இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாழாய்ப்போன பெட்டியிடம், “போயேன், செத்த போயேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் திருப்பும்போதெல்லாம் தலையை ஆட்டினேன். அவள் குறிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெட்டி விலகியது. தட்டு அலறியது. குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தது. இன்னொரு அடி. இமைகூட அசையவில்லை. பெட்டி வந்துவிட்டது.

தங்கை புருவத்தைத் தூக்கினாள். என்ன?

சரியாகத் தெரியவில்லை, பெட்டி மறைக்கிறது, சோதனை நாள் வரட்டும் என்று சொல்லிவிடலாம். டேப்லெட்டை மடியில் சாய்த்துக் கையைத் தூக்கினேன். ஆனால் பெட்டி என் பக்கம் மட்டும்தான். அவள் போனில் என் முகம் முழுசாகத் தெரிந்தது. பிறந்ததிலிருந்து முகம் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டவள் அவள். என் கையைப் பார்க்கவேயில்லை.

தட்டைக் கீழே வைத்தாள். குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாள். பிறகு திரையில் என்னைச் சுட்டிக் காட்டி, அதன் பிஞ்சு விரலைப் பிடித்து, அதன் மூக்கின் ஓரத்தில் வைத்தாள்.