பாறையில் துளைத்தவர்

திருச்செங்கோட்டில் ஒரு கல்லூரியில் வருடாவருடம் வீடியோ கேம்களுக்கு விருது தருவார்கள். அங்கே நாற்காலி போடுபவன் நான். இந்த முறை, இறந்துபோன மகளுக்கான விருதை வாங்க போர்வெல் போடும் ரிக் லாரிக்காரர் ஒருவர் வந்திருந்தார். வாங்கியதும் மகள் உருவாக்கிய கேமை ஆட உட்கார்ந்தார். கிரீஸ் படிந்த விரலைத் துண்டில் துடைத்துத் துடைத்துத்தான் பொத்தானைத் தொட்டார்.

அதுவும் போர்வெல் போடும் கேம்தான். தண்ணீர் வந்தால் ஆட்டம் முடிந்துவிடும். வராதவரை மகளின் குரல், "இன்னொரு ராடு எறக்குங்கப்பா" என்று சொல்லும். அவர் பாறையிலேயே துளைத்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி அந்தப் பக்கமுங்க" என்றேன்.

"தெரியுமுங்க. தண்ணி வந்துட்டா அவ பேச மாட்டாளுங்க."

பூட்டும் நேரமானது. சுவிட்சை நான்தான் அணைத்தேன். கறுத்த திரையைப் பார்த்து, "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இப்போதும் எந்த சுவிட்சை அணைத்தாலும், பேசிக்கொண்டிருக்கும் யாருடைய வாயையோ பொத்தியது போலிருக்கிறது.