துறைத் தலைவரின் பெண் குரல்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில், தண்ணீர் லாரி வரிசையில் குடத்தோடு நின்றபடியே படித்து ரமாபாய் வென்றவை இவை: பள்ளியில் வணிகவியலில் முதல் இடம். எம்.காம். முதல் வகுப்பு. மூன்றாவது முயற்சியில், கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வு. "கோட்டாவா?" என்று இழுத்தவர்களிடம் "ஆமாம், முதல் வகுப்பும்தான்" என்று சொல்லும் வாய். கடைசியாக, அவள் குரலுக்கு அவள் பெயர். இந்தக் கடைசி ஒன்றைத்தான் திருவொற்றியூர்ப் பக்கத்து மாலைநேரக் கல்லூரி ஒன்று பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது.

அங்கே அவள் பகுதிநேர ஆசிரியை. நிரந்தர ஆசிரியர்கள் தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். பகுதிநேரத்துக்கு அந்த உரிமை கிடையாது, மாதக் கடைசியில் சொற்பச் சம்பளம் ஒரு கவரில் வரும். மாணவர்களில் பாதிப் பேர் துறைமுகத்திலும் மணலி கம்பெனிகளிலும் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். ஷிஃப்ட் மாறினால் ஒரு வாரப் பாடம் போச்சு. அதனால் ரமாபாய் பாடத்தை வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பேசிப் பதிவு செய்தாள். பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த ரோஷன் என்ற மாணவன் அதை இன்டர்நெட்டில் ஏற்றினான்.

"இதுக்கு பாட்காஸ்ட்டுன்னு பேரு மேடம்" என்றான். இன்டர்நெட் இல்லாதவர்கள் புளூடூத்தில் வாங்கிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பாடமும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "வணக்கம், நான் ரமாபாய்." பிறகு அந்தப் பசங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு. "மீன் புடிக்கிற போட்டு கரையில சும்மா நின்னுகினு இருந்தாலும் கடன் வட்டி நிக்காது. அது ஃபிக்ஸட் காஸ்ட். கடலுக்குப் போனாத்தான் டீசலு, ஐஸு. அது வேரியபிள் காஸ்ட். புரிஞ்சுதா, இன்னொரு தபா சொல்லவா?"

துறைத் தலைவர் ஞானதுரை பல வருடமாகப் பாடப்புத்தகத்தை வரி விடாமல் படித்துக் காட்டுவதையே பாடம் என்று நம்பியவர். ரமாபாயின் பதிவை ஆசிரியர் அறையில் ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இது காலேஜா, காசிமேட்டு மீன் ஏலமா? நடுவுல குக்கர் விசில் வேற!"

"பாடம் முடியறதுக்குள்ள பருப்பு வெந்துடும் சார்" என்றாள்.

மற்றவர்கள் சிரித்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. "வகுப்புக்கு ஆள் வரலைன்னா உன்னாலதான். இனிமே இந்தக் கலீஜ் பேச்சு வெளியே போகக் கூடாது."

பிப்ரவரியில் கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. புதுமையான கற்பித்தல் முறை என்ன என்று கேட்பார்களாம். கல்லூரியில் புதிதாக இருந்தவை ஆய்வுக்காக வாங்கிய பூந்தொட்டிகள் மட்டுமே. ஞானதுரை கூப்பிட்டார். "அந்த ரெக்கார்டிங் எல்லாம் சிடியில போட்டுக் குடும்மா. அது துறையோட சொத்து. அன்னைக்கு நீ வராதே. பகுதிநேர ஆளைப் பார்த்தா, நிரந்தர ஆள் ஏன் இல்லைன்னு கேப்பாங்க."

வேலை போய்விடும் என்ற பயத்தில் கொடுத்தாள். ஆய்வு நாளன்று வீட்டில் இருந்தவளுக்கு ரோஷன் போன் செய்தான்.

"மேடம், ஒரே பேஜாரு! உங்க பேரை வெட்டிட்டானுங்க. 'துறைத் தலைவர் ஞானதுரை வழங்கும் ஒலிப்பாடம்'னு அவர் குரல்ல வருது, அப்பாலே நீங்க பேசுறீங்க. குழுவுல வந்த அம்மா, 'சார், உங்களுக்கு ரெண்டு குரலா?'ன்னு கேட்டுச்சு. ஹாலே சிரிக்குது. நான் எழுந்து, அது எங்க ரமாபாய் மேடம்னு சொல்லிட்டேன். ஆசிரியர் பட்டியல்ல உங்க பேரே இல்லியாம்!"

அடுத்த அழைப்பு முதல்வருடையது. குழு அவளைப் பார்க்க வேண்டுமாம், உடனே வரச் சொன்னார்.

அண்ணன் ஜெயவேல் தன் ஆட்டோவிலேயே கூட்டிப் போனான். "இன்னாம்மா, பயமா கீதா?"

"கோவமா இருக்குண்ணா."

"அப்போ சரி" என்று ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான்.

முதல்வர் அறையில் பதிவேடு தயாராக விரிந்திருந்தது. கடைசி வரியில் அவள் பெயரைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். "ஜூன் மாசத்துலேர்ந்து வரிசையா கையெழுத்துப் போட்டுடும்மா. நீ நிரந்தரம் ஆயிட்டே. சீக்கிரம், பக்கத்து அறையில குழுக்காரங்க காத்திருக்காங்க" என்றார் முதல்வர்.

எத்தனை வருட ஆசை அது. பேனாவைக் கையில் எடுத்தாள். எடுத்தபடியே கேட்டாள்: "இத்தனை மாசம் முழுச் சம்பளம் வாங்கினதா நானே எழுதிக் குடுக்கணுமா சார்?"

"நன்றி கெட்ட ஜனம்" என்று பக்கத்தில் நின்ற ஞானதுரை பல்லைக் கடித்தார். "உங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும்..."

"இன்னா சார் செஞ்சீங்க? என் பேரை வெட்டினீங்க. அதை ஒட்டுங்க முதல்ல."

பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராகக் குழுவின் முன் போய் நின்றாள். முதல்வரும் ஞானதுரையும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். குழுவின் தலைவி சிடி உறைமேல் இருந்த ஞானதுரையின் பெயரை அடித்துவிட்டு, உறையை அவள் பக்கம் தள்ளினார். ரமாபாய் தன் பெயரை எழுதினாள். பிறகு தலைவி பதிவேட்டைப் பார்த்தார்.

"முந்தைய கட்டங்கள் ஏன் காலியா இருக்கு?"

"அப்போ நான் இந்தக் காலேஜ்ல இல்லாத ஆளு மேடம். இவங்களையே கேளுங்க."

ரமாபாய் குனிந்து, காலிக் கட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டு, ஒரே ஒரு கட்டத்தில் முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டாள். 2009 பிப்ரவரி 18, புதன்கிழமை.