பத்து நூல் உயரம்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. நூல்காரர் என்றால்தான் தெரியும். துணி நெய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு அங்குலத்தை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். லேத் பட்டறையில் முப்பது வருடம் இரும்பைக் கடைந்தவருக்கு எதைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கணக்குதான் கண்ணில் படும். பக்கத்து வீட்டுக்காரர் புதுக்கதவு மாட்டிவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இவர் மட்டும், "மேல ரெண்டு நூல் சாஞ்சிருக்கு" என்றார். சாய்ந்துதான் இருந்தது, அது வேறு விஷயம். அந்த மனிதர் ஒரு மாதம் இவர் முகத்தில் விழிக்கவில்லை.

"இந்த ஆளைக் கட்டிக்கிட்டு எப்படிடி மாரடிக்கிற?" என்று மனைவியின் அக்காவே கேட்டதுண்டு. மனைவி, மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடமாக நின்றபடியே வேலை பார்க்கிறவள். அலட்டிக்கொள்ளாமல் சொல்வாள்: "வண்டியில ஏறிட்டா மனுஷன் நல்லாத்தான் இருப்பார்க்கா."

பொய்யில்லை. வீட்டுக்குள் அவர்கள் பேச்செல்லாம் தண்ணீர் வந்துச்சா, கேஸ் தீர்ந்துடுச்சா என்பதோடு சரி. காலையில் மோட்டார் சைக்கிளில் அவளைக் கடை வாசலில் இறக்கிவிடும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் அவர்களுடைய அசல் குடித்தனம். மகளின் கல்யாணம் முடிவானது அதில்தான். முந்தின நாள் சண்டைகள் தீர்ந்ததும் அதில்தான். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவள் முகம் தெரியாது. மன்னிப்புக் கேட்க அதைவிட வசதியான இடம் ஏது? வேகம் கூடினால் தலைக்கவசத்தில் நறுக்கென்று இரண்டு தட்டு விழும். உடனே குறைத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட வண்டியின் பின்சக்கரத்தில், நடுவிலுள்ள ஹப்பில், ஒருநாள் விரிசல் விட்டது.

"இந்த மாடலுக்கு இனிமே சாமான் வராதுண்ணே. கம்பெனிக்காரனே மறந்திருப்பான்" என்றார் மெக்கானிக்.

மனைவியின் தம்பி வீட்டுக் கொட்டகையில் அதே வண்டி, ஆனால் மூன்றாவது தலைமுறை மாடல், எங்கோ மோதி முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. பின்சக்கரத்துக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. நூல்காரர் அதைக் கழற்றிக்கொண்டு வந்தார். மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"பேர்தாண்ணே ஒண்ணு. பேரன் செருப்புல தாத்தா காலை நுழைக்கப் பாக்குறீங்க."

"காலை வெட்ட வேண்டாம். செருப்பைச் சரி பண்ணிக்கலாம்."

மூன்று வாரம் அதே தவம். பழைய ஆக்சில் பன்னிரண்டு மில்லி, புதுச் சக்கரத்தின் துளை பதினைந்து. இடைவெளியை அடைக்க ஒரு புஷ் வளையம் கடைந்து போட்டார். செயின் ஒரு நூல் விலகி ஓடியது. பக்கவாட்டு வளையத்தைக் கடைந்து நேராக்கினார். பிரேக் கம்பி எட்டவில்லை. வேறு கம்பி செய்தார். பழையது பதினேழு அங்குலச் சக்கரம், இது பதினெட்டு, டயரும் தடிமன். பள்ளத்தில் இறங்கினால் மட்கார்டில் உரசியது. அதற்கு மூன்றாவது மாடலின் ஷாக் அப்சார்பர்களையே, கொஞ்சம் நீளமானவை, கொண்டுவந்து பூட்டினார். கடைசியில் பின்டயரிலிருந்து முன்டயர்வரை கயிறு பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேண்ணே" என்றார்.

மறுநாள் காலை நூல்காரர் பத்து நிமிடம் முன்னதாகவே வண்டியை வாசலில் நிறுத்தி உட்கார்ந்துகொண்டார். மனைவி பையோடு வந்தாள். இடது காலைக் கால்மிதியில் வைத்து, அவர் தோளைப் பிடித்து ஒரே எம்பில் ஏறுவது அவள் வழக்கம். தோளில் கை விழுந்தது. பிறகு கை எடுக்கப்பட்டது.

"ஐயோ, கடைச் சாவியை மறந்துட்டேன். நீங்க கிளம்புங்க, நான் பஸ்ல போய்க்கிறேன்."

அடுத்த நாள், கூட வேலை பார்க்கும் பெண் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிறாளாம். அதற்கடுத்த நாள், பஸ்ஸில் போனால் காற்று நன்றாக வருகிறதாம். மோட்டார் சைக்கிளில் வராத காற்றா!

கோபமாக இருக்கிறாள் என்று முடிவு கட்டினார். பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவ அவளுடைய நல்ல தட்டு ஒன்றை எடுத்தது மனசை அரித்தது. புதுத் தட்டு வாங்கி வந்து நீட்டினார்.

"இது எதுக்கு?"

"அந்தப் பழைய தட்டு... மண்ணெண்ணெய் வாடை போகல."

"என்னது, என் தட்டுல மண்ணெண்ணெயா?" தட்டு காணாமல் போனதே அவளுக்குத் தெரியாது. வலியப் போய் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் பஸ்ஸில் போவது மட்டும் நிற்கவில்லை.

சக்கரம் என்னவோ வெண்ணெய் மாதிரி ஓடியது. அதை ரசிக்கத்தான் ஆளில்லை. ஒருநாள் வேண்டுமென்றே வேகமாகப் போய்ப் பார்த்தார். கேட்பாரில்லை. பாதியிலேயே சலித்துப்போய் மெதுவாகப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆணி வாங்கி வருகிறேன் என்று நடந்தே கிளம்பியவர், மாதிரி ஆணியை மறந்து திரும்பினார். வீட்டுப் பக்கச் சந்தில் மனைவி நின்றிருந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் குளியலறை முக்காலி. அதன்மேல் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு, எப்படியோ சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கினாள். முக்காலியைத் தள்ளிவைத்துவிட்டு, அது இல்லாமல் முயன்றாள். முடியவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

அவர் சத்தம் போடாமல் தெருவுக்கே திரும்பிவிட்டார். நடக்க நடக்கக் கணக்கு ஓடியது. சக்கரத்திலும் டயரிலுமாக ஏறியது ஆறு நூல். ஷாக்கில் நாலு. ஆக மொத்தம் பத்து நூல், ஒன்றேகால் அங்குலம். சீட்டும் கால்மிதியும் அவ்வளவு உயர்ந்திருக்கின்றன. செயினுக்கு ஒரு நூல் பார்த்த மகானுபாவர் பெண்டாட்டிக்குப் பத்து நூல் பார்க்கவில்லை.

மறுநாளே சக்கரத்தைப் பிரித்தார். புது ஹப்பில் பழைய பதினேழு அங்குல ரிம்மைக் கோக்க வேண்டும். ஸ்போக் கம்பிகள் நீளம் கூடுதல். முப்பத்தாறையும் வெட்டி, திரும்ப மரை போட்டார். பழைய ஷாக்குகள் திரும்பி வந்தன.

"நல்லா ஓடுற சக்கரத்தை எவனாவது பிரிப்பானாண்ணே? சும்மா கிடந்த சங்கை..." என்று இழுத்தார் மெக்கானிக்.

"ஓட்டம் சரியில்லப்பா" என்று வாய் கூசாமல் பொய் சொன்னார் நூல்காரர். தன் வேலையைத் தானே குறை சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் கழித்து வண்டி வாசலில் நின்றது. "பழைய உயரத்துக்கே இறக்கிட்டேன். ஏறு" என்றார்.

அவள் சக்கரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. அளந்து பார்த்தேன்."

இடது கால் கால்மிதிக்குப் போனது. தோளில் கை அழுந்தியது. இன்னும் அழுந்தியது. அவர் வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டார். கால் கீழே இறங்கியது.

"உங்க சக்கரம் இல்லீங்க. முட்டிதான். போன வருஷத்துலேருந்தே. பழைய உயரத்துலயும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன்."

"ஊருக்கெல்லாம் முட்டிவலி மருந்து எடுத்துக் குடுக்கிறவ, என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, ஆட்டோ பிடிச்சுப் போயிடுன்னு சொல்லிடுவீங்க."

சொல்லியிருப்பார். சத்தியமாகச் சொல்லியிருப்பார். ஒரு வருடமாக அந்தக் கை தோளில் நாளுக்கு நாள் பாரமாக விழுந்திருக்கிறது. அது ஏன் என்று ஒருநாள்கூட அவர் யோசிக்கவில்லை.

இஞ்சினை அணைத்தார். டேப்பை எடுத்துக்கொண்டு அவள் காலடியில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"வலிக்காம எவ்வளவு தூக்க முடியுதோ, அவ்வளவு தூக்கு."

"நடுத்தெருவுல என்னங்க இது? எல்லாரும் பாக்குறாங்க."

"தூக்கும்மா."

அவர் தலையைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். கால் கொஞ்ச தூரம் வந்து நின்றது.

"இன்னும்?"

"அவ்வளவுதான்."

ஏழு அங்குலம். நம்ப முடியாமல் மறுபடி அளந்தார். ஏழேதான்.

"இந்த உயரத்துல ஒரு படி அடிச்சுடறேன். அதுல கால் வச்சு ஏறு."

"மோட்டார் சைக்கிளுக்குப் படியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். "அடுத்த வருஷம் இவ்வளவும் தூக்க முடியலைன்னா?"

"அதுக்குக் கீழ இன்னொரு படி வைப்பேன்" என்றார் நூல்காரர்.